பயத்தை இடம் மாற்று!

விரலை எடுத்துவிட்டாய், இல்லையா?

நேற்று ராத்திரி கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தாய். கம்பெனி கொடுத்த பியானோ டோனைத் திறந்தாய். அதன் பளபளப்பைக் கொஞ்சம் மழுக்கினாய். அடியில் வயலின் கூட்டம் ஒன்றை மெல்லப் படரவிட்டாய். வாசித்துக் கேட்டபோது உனக்கே சிலிர்த்தது. பழைய எண்ணிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று 'சேவ்' பக்கம் போனாய். திரை கேட்டது: பழையதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா?

உன் விரல் நடுங்கியது. கம்பெனி டோன் போய்விட்டால்? பெரியவர்கள் செய்து வைத்ததைக் கெடுக்க நான் யார்? வேண்டாம் என்று வெளியே வந்தாய். கரண்டை அணைத்தாய். படுத்துவிட்டாய்.

காலையில் கம்பெனி டோன் அப்படியே இருந்தது. நீ செய்த டோன் எங்கே? இல்லை. உலகத்தில் எங்கேயும் இல்லை.

தம்பி, தங்கையே, கொஞ்சம் நின்று யோசி! எது அழிந்துவிடும் என்று பயந்தாயோ, அது நீ அழித்தாலும் அழியாது. எது போனால் போகட்டும் என்று விட்டாயோ, அது போயே போய்விட்டது. பயப்படுவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. உன் பயம் தப்பான முகவரியில் குடியிருக்கிறது. அதைக் காலி செய்து சரியான வீட்டுக்குக் கொண்டுபோ!

எந்த வீடு என்கிறாயா? ஒரு கீபோர்டே சொல்லித் தரும், வா.

உன்னால் கெடுக்க முடியாதது

1991-ல் வந்தது கர்ஸ்வைல் கே-2000. 61 கட்டைகள், முகப்பில் ஒரு திரை, பிளாப்பி போட ஒரு வாய். இந்தக் கீபோர்டு தன் வயிற்றுக்குள் இருப்பவற்றை 'ஆப்ஜெக்ட்' என்ற ஒரே பெயரால் அழைக்கும். பதிவு செய்த ஒலித்துண்டான சேம்பிள் ஓர் ஆப்ஜெக்ட். எந்தக் கட்டைக்கு எந்த சேம்பிள் என்று பங்கு போடும் கீமேப் ஓர் ஆப்ஜெக்ட். அந்தக் கீமேப்பை எடுத்து ஒலியைச் செதுக்கும் புரோகிராம் ஓர் ஆப்ஜெக்ட். பாட்டும் ஓர் ஆப்ஜெக்ட்தான். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. 1 முதல் 999 வரை போகும் அந்த எண்களை நூறு நூறாகப் பிரித்துப் பேங்க் என்பார்கள்.

இந்த ஊரில் இரண்டு சாதிச் சரக்குதான். ஒன்று ரோம், இன்னொன்று ராம். தொழிற்சாலையிலேயே சில்லுக்குள் பதித்து அனுப்பியது ரோம். நீ வாங்கிய பிறகு செய்து சேர்த்தது ராம்.

ரோமில் இருக்கும் ஒலியை டெலிட் செய்து பார். அது போகாது. மூவ் செய்து பார். அது நகராது. அதே எண்ணில் உன் ஒலியைத் திணித்துப் பார். உன்னுடையது முன்னால் வந்து நிற்கும். பழையது அதன் முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் காத்திருக்கும். என்றைக்காவது உன்னுடையதை நீ டெலிட் செய்தால், மறு நொடியே பழையது அதே எண்ணில், அதே பெயரில் வந்து நிற்கும். ஒரு கீறல் கூட விழுந்திருக்காது!

இந்தக் கருவியைச் செய்தவர்கள் உன்னிடம் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "தைரியமாகக் கை வை. நாங்கள் கொடுத்ததை உன்னால் கெடுக்க முடியாது."

உனக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கிறது. நீந்தத் தெரிந்தவன் இருபது வருஷம் கழித்து ஆற்றில் இறங்கினால் மூழ்கியா போகிறான்? கணக்குப் போட்டுப் பழகிய தலை, நாலு பேரிடம் நயமாகப் பேசிப் பழகிய நாக்கு, சுருதி விலகினால் சட்டென்று சுளிக்கும் காது, பசியைத் தாங்கிய வயிறு, விடியுமுன் எழுந்து பழகிய உடம்பு. இவையெல்லாம் உனக்குள் பழகிப் பழகிப் பதிந்துவிட்டவை. ஒரு நேர்முகத் தேர்வில் தோற்றால் இவை போய்விடுமா? ஒரு மேடையில் தாளம் தப்பினால் அழிந்துவிடுமா? நாலு பேர் சிரித்தால் கரைந்துவிடுமா?

"ஐயா, வாழ்க்கை கீபோர்டு இல்லை. தோற்றால் பணம் போகும், வேலை போகும், வீட்டில் அடுப்பு எரியாது" என்கிறாயா? சரியாகப் பிடித்தாய்! பணம் ராம். வேலை ராம். அதைப் பார்த்துப் பார்த்துக் காப்பாற்று. உள்ள வீட்டை அடகு வைத்துச் சூதாடு என்று எவன் சொன்னாலும் கேட்காதே. ஆனால் திறமை ரோம். பணத்துக்குப் பட வேண்டிய பயத்தைத் திறமைக்குப் படாதே! ஒரு டோனை மாற்றிப் பார்க்க, ஒரு கதையை எழுதிப் பார்க்க, தெரியாத ஒரு பாடத்தைத் திறந்து பார்க்க உனக்கு என்ன செலவு? பத்து நிமிஷம். அதற்கா இத்தனை நடுக்கம்?

நட்சத்திரம் போட்டதெல்லாம் அழியக்கூடியது

இப்போது மறுபக்கம் வா.

நீ செய்த புரோகிராமை கே-2000 பட்டியலில் காட்டும்போது எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே ஒரு சின்ன நட்சத்திரக் குறி போடும். கம்பெனி செய்ததற்கு அது கிடையாது. உன் கை பட்டதற்கு மட்டும்தான்! ஆனால் அந்த நட்சத்திரத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு: 'இது ராமில் இருக்கிறது. இது அழியக்கூடியது.'

அதை உயிரோடு வைத்திருப்பது எது தெரியுமா? கருவியின் அடிப்பக்கம் இருக்கும் மூன்று பேட்டரி செல்கள். சுவர்க் கடிகாரத்தில் போடுவோமே, அதே ஏஏ செல்தான். கரண்டை அணைத்த பிறகும் உன் உழைப்பு முழுக்க அந்த மூன்று செல்களின் தயவில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். செல் பலவீனமாகிவிட்டது என்று திரை எச்சரிக்கும். "நாளைக்கு மாற்றலாம்" என்று விட்டுப் பார். ஒரு நாள் திறந்தால் நட்சத்திரம் போட்டது ஒன்றும் இருக்காது. கம்பெனி ஒலிகள் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி வரிசையாக நின்று உன்னைப் பார்க்கும்.

சேம்பிள் கதை இன்னும் கொடுமை. நீ உள்ளே ஏற்றிய சேம்பிளுக்கு அந்த மூன்று செல்லின் தயவும் கிடையாது. சுவிட்சை அணைத்தால் போச்சு. அடுத்த முறை டிஸ்க்கிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு பிளாப்பி கொள்ளுவது 1.44 எம்பி. இந்தக் கருவியின் சேம்பிள் நினைவகத்தையோ 64 எம்பி வரை விரிக்கலாம். நிரம்பிய நினைவகத்தைப் பிளாப்பியில் இறக்கினால் நாற்பதுக்கு மேல் ஆகும்! அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பின்னால் ஸ்கஸி என்ற இணைப்பு வழியாக ஹார்டு டிஸ்க் ஒன்றை மாட்டிக்கொண்டார்கள். வாசிப்பை முடித்தால் முதலில் டிஸ்க்கில் சேமிப்பார்கள், பிறகுதான் சுவிட்சில் கை வைப்பார்கள்.

இப்போது உன்னைக் கேட்கிறேன். உன் டிஸ்க் எங்கே?

குளிக்கும்போது தோன்றிய அந்த மெட்டை எங்கே வைத்தாய்? கடையில் ஒரு பெரியவர் சொல்லிக் கொடுத்த சூட்சுமத்தை எந்த நோட்டில் எழுதினாய்? மூன்று மாதம் திண்டாடி நீயே கண்டுபிடித்த குறுக்குவழியை யாருக்குச் சொல்லி வைத்தாய்? "ஞாபகம் இருக்கும்" என்கிறாய். உன் ஞாபகம் என்ன, மூன்று செல்லை விடப் பெரிதா?

இங்கே பயப்படு! இங்கே நடுங்கு! தோன்றியதை எழுதாமல் தூங்கப் போகும்போது உன் கை நடுங்கட்டும். புதிதாகக் கற்றதைப் பயிற்சி செய்யாமல் ஒரு வாரம் கழியும்போது உன் வயிறு கலங்கட்டும். பயம் குடியிருக்க வேண்டிய வீடு இதுதான்.

காப்பி அடி, ஆனால் வேரோடு அடி

காப்பி என்றதும் பரீட்சை ஹால் ஞாபகம் வருகிறதா? மறந்துவிடு. கே-2000-ல் காப்பி என்பது கௌரவமான வேலை. நகராத ரோம் ஒலியைக் கூட நகலெடுத்து உன் எண்ணுக்குக் கொண்டுவரலாம். மூலத்தில் ஒரு துளி குறையாது. குருவிடமிருந்து சீடன் கற்பது போல, கொடுத்தவரிடம் இருந்தது இருந்தபடியே இருக்கும், வாங்கியவரிடம் புதிதாக ஒன்று வந்திருக்கும்.

ஆனால் காப்பி கொடுத்தவுடன் அந்தக் கருவி ஒரு கேள்வி கேட்கும். அந்தக் கேள்வியை உன் மேசைக்கு எதிரே எழுதி ஒட்டிக்கொள்: 'இது சார்ந்திருப்பவற்றையும் சேர்த்து நகலெடுக்கட்டுமா?'

ஏன் கேட்கிறது? ஒரு புரோகிராமுக்குள் ஒலியே கிடையாது! அதில் இருப்பது ஒரு கீமேப்பின் எண். கீமேப்புக்குள்ளும் ஒலி கிடையாது. அதில் இருப்பது சேம்பிள்களின் எண்கள். ஒலி இருப்பது கடைசிப் படியில்தான். நீயே செய்த கீமேப்பைச் சார்ந்த புரோகிராமை மட்டும் பிளாப்பியில் வாங்கிப்போய் வேறு ஒரு கே-2000-ல் ஏற்றினால் என்ன ஆகும்? பெயர் ஜம்மென்று வந்து உட்காரும். உள்ளே போய்ப் பார்த்தால் கீமேப்பின் இடத்தில் 'நாட் ஃபவுண்ட்' என்று இருக்கும். கட்டையை அமுக்கினால் நிசப்தம்.

எத்தனை பேர் இப்படி நடமாடுகிறார்கள்! ஜெயித்தவனின் சட்டையை நகலெடுத்தார்கள். அவன் பேச்சை, நடையை, சிரிப்பை நகலெடுத்தார்கள். அவன் தினமும் நாலு மணி நேரம் சாதகம் செய்ததை மட்டும் விட்டுவிட்டார்கள். மேடையேறி முதல் கட்டையை அமுக்கியதும் சபையே கேட்கிறது அந்த நிசப்தத்தை.

வேரோடு நகலெடுத்த ஒருவரைச் சொல்கிறேன். இந்தக் கருவியின் பெயரிலேயே இருக்கிறார். ரே கர்ஸ்வைல், 1948-ல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா இசைக்குழு நடத்துநர், பியானோக்காரர். 1965-ல் 17 வயதுப் பையனாக ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்து பியானோவில் ஒரு துண்டு வாசித்தார். அதை இயற்றியது யார் என்பதுதான் ரகசியம். அவரே செய்த கணினி இயற்றியது அது!

1976-ல் பார்வையற்றவர்களுக்காக, அச்சடித்த பக்கத்தைப் படித்துக் குரலில் சொல்லும் இயந்திரத்தை வெளியிட்டார். அதைத் தேடி வந்து வாங்கியவர்களில் ஒருவர் பாடகர் ஸ்டீவி வொண்டர். சில வருஷங்களுக்குப் பிறகு, 1982-ல், அந்தப் பாடகர் ஒரு கேள்வி கேட்டார். பியானோ, வயலின் போன்ற மரக்கருவிகளின் ஒலியில் அழகு இருக்கிறது, ஆனால் இஷ்டப்படி வளைக்க முடியவில்லை. மின்னணுக் கருவியை வளைக்க முடிகிறது, ஆனால் அந்த அழகு இல்லை. இரண்டையும் ஒன்றாக்க முடியுமா?

கர்ஸ்வைல் அதுவரை கீபோர்டு வியாபாரி அல்ல. "எனக்குத் தெரிந்தது எழுத்தைப் படிக்க வைப்பது, அதோடு நிற்கிறேன்" என்று ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. அதே வருஷம் கம்பெனி தொடங்கினார். 1984-ல் கே-250 என்ற கீபோர்டு வந்தது. சின்தசைசர் உலகின் மூத்த பெயரான ராபர்ட் மூக் அந்தக் கம்பெனியில் வந்து வேலை பார்த்தார்.

இந்தத் தாவல் எப்படிச் சாத்தியமாயிற்று? அவர் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குத் தன் பெயரை மட்டும் எடுத்துப்போகவில்லை. அப்பாவிடம் கேட்டு வளர்ந்த இசை, கணினிக்கு வடிவங்களைப் பழக்கிய அனுபவம், வாங்கியவர் சொல்வதை உட்கார்ந்து கேட்கும் பொறுமை. எல்லாமே சேர்ந்து வந்தன. 'சார்ந்திருப்பவற்றையும் சேர்த்தா?' என்ற கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் சொன்னவர் அவர்!

எண் மாறினால் நாதம் மாறுமா?

மூவ் என்பது வேறு. நகல் உண்டாகாது. பொருள் ஒன்றுதான், எண் மட்டும் மாறும். 203-ல் இருந்த உன் டோன் 512-க்குப் போகும். கட்டையை அமுக்கினால் அதே நாதம்.

உன்னைப் பார்! மேசை மாற்றினார்கள் என்று மூன்று நாள் சாப்பிடவில்லை. முதல் வரிசையிலிருந்து மூன்றாம் வரிசைக்கு அனுப்பினார்கள் என்று கச்சேரியையே விட்டாய். ஊர் மாற வேண்டியிருக்கிறது என்று நல்ல வாய்ப்பை உதறினாய். எண் மாறினால் நீ மாறிவிடுவாயா?

கர்ஸ்வைல் கம்பெனிக்கும் இந்த இடமாற்றம் நேர்ந்தது. பண நெருக்கடி வந்தது. 1990-ல் அமெரிக்கக் கையிலிருந்து கொரியப் பியானோ நிறுவனமான யங் சாங் கைக்குப் போனது. "கதை முடிந்தது" என்று வெளியே நின்றவன் நினைத்திருப்பான். நான் இவ்வளவு நேரம் உனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் கே-2000 எப்போது வந்தது? 1991. கை மாறியதற்கு அடுத்த வருஷம்! ஒலியைப் பல வழியாகத் திருப்பிச் செதுக்க விடும் 'வாஸ்ட்' என்ற அமைப்போடு வந்தது. கதவு எண்தான் மாறியிருந்தது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது.

ஒன்றை மட்டும் மறக்காதே. வெளியிலிருந்து, பாட்டைப் பதிந்து வைத்துத் தானே வாசிக்க வைக்கும் ஒரு சீக்வென்சர் உன் டோனைப் பழைய எண்ணில் கூப்பிடப் பழகியிருந்தால், நீ இடம் மாறிய பிறகு அதற்கு வேறு எதுவோ கேட்கும், அல்லது ஒன்றுமே கேட்காது. ஆகவே இடம் மாறினால் உன்னைத் தேடுபவர்களுக்குப் புது எண்ணைச் சொல்லிவிட்டுப் போ. சொல்லாமல் மறைந்துவிட்டு "என்னை யாரும் கூப்பிடவில்லை" என்று புலம்பாதே.

உள்ளே விடும்போது உஷார்

டிஸ்க்கிலிருந்து புதுச் சரக்கை ஏற்றும்போதும் இந்தக் கருவி வழி கேட்கும். ஓவர்ரைட் என்றால் அந்தப் பேங்க்கில் நீ செய்து வைத்தது மொத்தத்தையும் துடைத்துவிட்டு ஏற்றும். மெர்ஜ் என்றால் எண் மோதும் இடத்தில் மட்டும் பழையதை எடுக்கும். ஃபில் என்றால் காலியாக இருக்கும் எண்களைத் தேடித் தேடி நிரப்பும்.

அவசரத்தில் ஓவர்ரைட் கொடுத்துவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள் உண்டு. நீயும் அதைத்தானே செய்கிறாய்? நகரத்துக்குப் போனவுடன் நீயாகப் பழகி வைத்திருந்த நல்லதை எல்லாம் துடைத்துவிடுகிறாய். புது நண்பன் ஒருவன் வந்தால் பழைய நண்பர்கள் எல்லோரையும் விடுகிறாய். உனக்குள் எத்தனை எண்கள் காலியாகக் கிடக்கின்றன! அங்கே வை புதியதை. இருப்பதைத் துடைக்கும் முன் மட்டும் ஒரு கணம் பயப்படு. அது நல்ல பயம்.

டெலிட்டுக்கும் இதே பாடம்தான். ஒரு புரோகிராமை அழிக்கப் போனால், 'சார்ந்திருப்பவற்றையும் அழிக்கட்டுமா?' என்று கேட்கும். தோற்ற தொழிலை மூடு. ஆனால் அதில் சம்பாதித்த வாடிக்கையாளரின் நம்பிக்கையை ஏன் அழிக்கிறாய்? எழுதிய நாவல் சரியில்லை, கிழித்துப் போடு. அதை எழுதிப் பழகிய விடியற்காலை இரண்டு மணி நேரத்தை ஏன் கிழிக்கிறாய்? புரோகிராமை அழி, சேம்பிளை வைத்துக்கொள்! நாளைக்கு இன்னொரு புரோகிராம் அதே சேம்பிளிலிருந்து பிறக்கும்.

இன்று ராத்திரி

போதும், எழுந்திரு. கீபோர்டு இருந்தால் கீபோர்டு. பேனா இருந்தால் பேனா. தையல் மிஷின், கரண்டி, கணக்குப் புத்தகம், எது உன் கருவியோ அதன் முன்னால் உட்கார். நேற்று நழுவவிட்ட அந்த டோனை மறுபடி தேடு. அச்சு அசலாகக் கிடைக்காது. கிடைப்பது அதன் தம்பியாக இருக்கும். இருக்கட்டும். மழுக்க வேண்டியதை மழுக்கு. படரவிட வேண்டியதைப் படரவிடு.

திரை மறுபடியும் கேட்கும்: பழையதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா?

இப்போது உனக்குத் தெரியும். பழையது எங்கேயும் போகாது. அது உன் முதுகுக்குப் பின்னால் நின்று உன்னைத் தாங்கும். அமுக்கு!

பட்டியலைத் திறந்து பார். எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே ஒரு சின்ன நட்சத்திரம் இருக்கும். 'இது அழியக்கூடியது' என்கிறது அது. 'இது உன்னுடையது' என்றும் சொல்கிறது.

கரண்டை அணைக்காதே. முதலில் அதற்கு ஒரு காப்பி எடு.